பலகை மாட்ட முடியாத செலவுக்கும் பணம் கொடுங்கள்: வட ஆற்காட்டு நிறுவனங்களின் சி.எஸ்.ஆர். குழுக்களுக்கு ஒரு திறந்த மடல்

ராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, வேலூர் வட்டாரத்தில் தொழில் நடத்தும் நிறுவனங்களில், சட்டப்படி சமூக நலனுக்குச் செலவிட வேண்டிய பணத்தை (சி.எஸ்.ஆர்.) கவனிக்கும் குழுவினருக்கும், தனியாகக் குழு வைக்கத் தேவையில்லாத அளவில் செலவிடும் நிறுவனங்களின் இயக்குநர்களுக்கும் வணக்கம்.

நான் குடியாத்தத்தில் சின்னச் சின்ன அறக்கட்டளைகளுக்கும் சங்கங்களுக்கும் கணக்கு எழுதிக் கொடுப்பவன். மாலைநேரப் படிப்பு மையம், தனியாக இருக்கும் முதியவர்களுக்கு மதியச் சாப்பாடு கொண்டுபோய்க் கொடுக்கும் குழு, ஏரிக்கரையில் சீமைக்கருவேலம் வெட்டும் இளைஞர்கள், மாற்றுத்திறனாளிப் பிள்ளைகளின் பெற்றோர் சங்கம் என்று இந்தப் பக்கத்தில் ஊருக்கு ஒன்று இருக்கிறது. உங்கள் மேசைக்கு வந்த விண்ணப்பங்களில் சில நான் தட்டச்சு செய்தவையாகக்கூட இருக்கலாம். அதனால் இதைப் பணம் கேட்டு வரும் இன்னொரு கடிதம் என்று ஓரமாக வைத்துவிடாதீர்கள். பணம் நீங்கள் கொடுத்துக்கொண்டுதான் இருக்கிறீர்கள். எதற்குக் கொடுக்கிறீர்கள், எப்போது கொடுக்கிறீர்கள் என்பதைப் பற்றித்தான் எனக்குப் பேச வேண்டியிருக்கிறது.

பேரணாம்பட்டுப் பக்கம் ஒரு கிராமத்தில் ஆர்.ஓ. குடிநீர் நிலையம் ஒன்று இருக்கிறது. எந்த ஊர், எந்த நிறுவனம் கொடுத்தது என்பது இங்கே வேண்டாம். பத்துக்குப் பத்து தகரக் கொட்டகை, உள்ளே வடிகட்டும் குழாய்கள், வெளியே ஐந்து ரூபாய் நாணயம் போட்டால் இருபது லிட்டர் கேனில் தண்ணீர் விழும் பெட்டி. திறப்பு விழாவுக்குப் பந்தல் போட்டார்கள், குத்துவிளக்கு ஏற்றினார்கள், போட்டோ எடுத்தார்கள். இந்தப் பக்கத்து நிலத்தடி நீரின் உப்பு உங்களுக்குத் தெரியாததல்ல. அந்த உப்புக்கு, உள்ளே வடிகட்டும் மெம்பிரேன் சீக்கிரமே அடைத்துக்கொண்டது. மாற்றப் பணம் வேண்டும். ஈ.பி. பில் கட்ட வேண்டும். காலையில் திறந்து இரவில் பூட்ட ஒரு ஆள் வேண்டும். நாணயப் பெட்டியில் விழுந்த சில்லறை கரண்ட் பில்லுக்கே பற்றவில்லை. பஞ்சாயத்தில் கேட்டால் “கம்பெனி கொடுத்தது, கம்பெனியைக் கேளுங்க” என்கிறார்கள். கம்பெனியில் கேட்டால் “ஒப்படைச்சாச்சு, அது முடிஞ்ச பிராஜெக்ட்” என்கிறார்கள். இப்போது அந்தக் கொட்டகை நிழலில் ஒரு வெள்ளாடு கட்டியிருக்கிறது, பக்கத்தில் யாருடையதோ டி.வி.எஸ். எக்ஸ்.எல். நிற்கிறது. பெயர்ப் பலகை மட்டும் பளிச்சென்று இருக்கிறது. நல்ல பெயிண்ட், குறை சொல்ல முடியாது.

அந்த நிறுவனத்தின் ஆண்டறிக்கையில் இது நிறைவேறிய திட்டம். பணம் செலவானது, பில் இருக்கிறது, யாரும் ஒரு ரூபாய் எடுக்கவில்லை. கணக்கெழுதுகிறவனாக நான் பார்த்தால் அதில் ஒரு தப்பும் கண்டுபிடிக்க முடியாது. தண்ணீர் மட்டும் வரவில்லை.

இந்த ஒன்றுதான் என்றால் எழுதியிருக்க மாட்டேன். பள்ளியில் கொடுத்த ஸ்மார்ட் போர்டு ஒரு சின்ன பாகம் இல்லாமல் துணி போர்த்திக் கிடக்கிறது. தையல் பயிற்சி மையத்துக்கு மெஷின்கள் வந்தன. சொல்லிக்கொடுக்கும் அக்காவுக்குச் சம்பளம் வரவில்லை. மெஷின்கள் வீடுகளுக்குப் போய்விட்டன. எல்லாவற்றுக்கும் காரணம் ஒன்றே. வாங்குவதற்குப் பணம் தருகிறீர்கள், நடத்துவதற்குத் தருவதில்லை.

குடியாத்தத்தில் ஒரு படிப்பு மையத்தின் கணக்கைச் சொல்கிறேன். பீடி சுற்றும் வீட்டுப் பிள்ளைகள் அங்கே அதிகம். அம்மா மடியில் முறத்தை வைத்துக்கொண்டு, தகடு வைத்து இலை வெட்டி, தூள் போட்டுச் சுருட்டி, நூல் கட்டிக்கொண்டிருப்பார். ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்று கூலி. அந்த ஒற்றை அறை வீட்டில் பிள்ளை உட்கார்ந்து படிக்க இடம் இருக்காது. மாடியில் ஒரு அறை வாடகைக்கு எடுத்து, பி.எட். முடித்துவிட்டு வேலைக்காகக் காத்திருக்கும் உள்ளூர்ப் பெண்கள் இரண்டு பேரை வைத்து, தினமும் மாலை ஆறிலிருந்து எட்டரை வரை நடத்துகிறார்கள். வாடகை 3,500. ஆசிரியைகளுக்கு ஆளுக்கு 6,000. சுண்டல், பிஸ்கட் 3,000. கரண்ட், சாக்பீஸ், ஜெராக்ஸ் எல்லாம் சேர்த்து 1,000. மாதம் 19,500 ரூபாய், ஆண்டுக்கு 2,34,000.

இந்தப் பணத்துக்கு அந்தக் குழு நான்கு நிறுவனங்களில் விண்ணப்பித்தது. இரண்டிலிருந்து பதிலே இல்லை. ஒன்று ஸ்கூல் பேக் தருவதாகச் சொன்னது. இன்னொன்றிலிருந்து வந்தவர் நல்ல மனிதர், மாடி ஏறி வந்து பார்த்தார், பிள்ளைகளிடம் பேசினார், சுண்டலும் சாப்பிட்டார். போகும்போது “சம்பளம், வாடகை எல்லாம் அட்மின் செலவுங்க. சட்டத்துல அஞ்சு பர்சென்ட்தான்” என்று சொல்லிவிட்டுப் போனார்.

இதைத் தயவுசெய்து ஒருமுறை விதியை எடுத்து வைத்துக்கொண்டு படியுங்கள். நிறுவனங்கள் சட்டம் 2013, பிரிவு 135. அதன்கீழ் உள்ள சி.எஸ்.ஆர். விதிகளில் நிர்வாகச் செலவு 5 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்று இருப்பது உண்மை. அந்த உச்சவரம்பு யாருக்கு? உங்கள் நிறுவனத்துக்குள் சி.எஸ்.ஆர். வேலையைப் பொதுவாக நிர்வகிக்க ஆகும் செலவுக்கு. ஒரு குறிப்பிட்ட திட்டத்தை வடிவமைக்க, நடத்த, கண்காணிக்க, மதிப்பிட நேரடியாக ஆகும் செலவு அதில் சேராது என்று விதியிலேயே எழுதியிருக்கிறது. ஆசிரியையின் சம்பளம் படிப்பு மையத்துக்கு நிர்வாகச் செலவு ஆகாது. ஆசிரியையை எடுத்துவிட்டால் அங்கே மையம் என்று சொல்ல என்ன இருக்கிறது? உங்கள் அலுவலகத்துக்குப் போட்ட வேலியை எங்கள் வாசலில் கொண்டுவந்து நட்டிருக்கிறீர்கள்.

அடுத்தது மார்ச். ஆண்டு முழுக்க ஓசையில்லாமல் இருந்துவிட்டு மார்ச் இரண்டாவது வாரத்தில் போன் வரும். “சார், ரெடியா ஒரு பிராஜெக்ட் இருக்கா? முப்பத்தொண்ணுக்குள்ள பில் வேணும்.” பதினைந்து நாளில் ஒரு ஊரில் என்ன செய்ய முடியும்? பெஞ்சு வாங்கலாம், பீரோ வாங்கலாம், பேக் வாங்கலாம். அதைத்தான் எல்லோரும் வாங்குகிறார்கள். வேலூர் பஜாரில் பீரோ விற்கிறவர்களுக்கு அது இரண்டாவது தீபாவளி.

இந்த அவசரத்தையும் சட்டம் கேட்கவில்லை. பல ஆண்டுகள் நடக்கும் தொடர் திட்டம் என்று உங்கள் இயக்குநர் குழு ஏற்றுக்கொண்டால், அதில் அந்த ஆண்டு செலவாகாமல் நிற்கும் பணத்தை நிதியாண்டு முடிந்து 30 நாளுக்குள் தனி வங்கிக் கணக்குக்கு மாற்றி, அடுத்த மூன்று நிதியாண்டுகளுக்குள் செலவிடலாம். தொடங்கிய ஆண்டைச் சேர்க்காமல் மூன்று ஆண்டுகள் வரை ஒரு திட்டம் ஓடலாம். அதாவது ஆறாம் வகுப்பில் மையத்துக்கு வரும் பிள்ளை ஒன்பதாம் வகுப்பு போகும்வரை நீங்கள் அந்த மாடிக்கு வாடகை கட்ட வழி இருக்கிறது. ஓராண்டுக் காசோலை கொடுத்துவிட்டு “அடுத்த வருஷம் பார்க்கலாம்” என்று சொல்வது உங்கள் வழக்கம், அவ்வளவுதான்.

இனி இடம். பிரிவு 135 உள்ளூருக்கு முன்னுரிமை கொடு என்கிறது. நிறுவனம் இயங்கும் பகுதியும் அதைச் சுற்றியுள்ள பகுதியும் என்பது வாசகம். நீங்கள் அதை மாவட்டம் என்று எடுத்துக்கொள்கிறீர்கள். 1989-இல் வட ஆற்காடு இரண்டாகப் பிரிந்து திருவண்ணாமலைப் பக்கம் தனியாகப் போனது. 2019 நவம்பரில் மிச்சமிருந்த வேலூர் மாவட்டம் மூன்றானது. ராணிப்பேட்டை சிப்காட்டும் மேல்விஷாரமும் ஒரு மாவட்டம். ஆம்பூர், வாணியம்பாடியின் தோல் பதனிடும் ஷாப்புகளும் ஷூ கம்பெனிகளும் திருப்பத்தூர் மாவட்டம். வேலூருக்கு நின்றது ஆஸ்பத்திரியும் காலேஜும் கோட்டையும், குடியாத்தத்துக் கைத்தறியும் பீடியும் தீப்பெட்டியும், பேரணாம்பட்டுத் தோல் வேலை கொஞ்சமும், அணைக்கட்டுப் பக்கத்து மலையும்.

பாலாறு மூன்று மாவட்டத்திலும் ஓடுகிறது. ஓடுகிறது என்று ஒரு பேச்சுக்குச் சொல்கிறேன். ஆம்பூரில் ஷூ தைக்கப் போகும் பெண்களை ஏற்றிக்கொண்டு விடியற்காலையில் குடியாத்தம், பேரணாம்பட்டுப் பக்கத்து ஊர்களிலிருந்து கம்பெனி வேன்கள் கிளம்புகின்றன. வேனில் ஏறுகிறவர் உங்கள் தொழிலாளி. அவர் பிள்ளை படிக்கும் ஊர் மட்டும் “எங்கள் ஏரியா இல்லை”. மாவட்ட எல்லை அரசு தன் வசதிக்குப் போட்டது. சட்டத்தில் ‘சுற்றியுள்ள பகுதி’ என்று எழுதியிருக்கும்போது நீங்கள் அதை வருவாய்த்துறை வரைபடத்தை வைத்து அளக்க வேண்டியதில்லை.

அணைக்கட்டு ஒன்றியத்தில் பீஞ்சமந்தை, பாலாம்பட்டு, ஜார்த்தான்கொல்லை என்று மூன்று மலைப் பஞ்சாயத்துகள் இருக்கின்றன. 2023 மே மாதம் அல்லேரி மலையில் பாம்பு கடித்த குழந்தை, சாலை இல்லாததால் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்வதற்குள் இறந்ததைத் தமிழ்நாடே பேசியது. சாலை போடுவது அரசின் வேலை, உங்களிடம் கேட்கவில்லை. ஆனால் மலையிலேயே இருக்கும் பெண் ஒருவருக்கு முதலுதவிப் பயிற்சி கொடுத்து, மாதச் சம்பளம் போட்டு, இரவில் கூப்பிட்டால் வர ஒரு வண்டிக்காரருக்குப் பெட்ரோல் காசு ஒதுக்கிவைக்கும் திட்டம் பெரிய தொகை கேட்காது. போட்டோவில் அழகாகவும் வராது.

பாலாறு என்றதும் இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். தோல் பதனிடும் ஆலைகளின் கழிவு பற்றிய வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996-இல் தீர்ப்புக் கொடுத்தது. வழக்குப் போட்டது வேலூர்க் குடிமக்கள் நல அமைப்பு ஒன்று. மாசுபடுத்தியவரே செலவை ஏற்க வேண்டும் என்ற கொள்கைக்கு நாடு முழுக்கச் சட்டக் கல்லூரிகளில் இன்றைக்கும் அந்த வழக்கைக் காட்டுகிறார்கள். ஆகவே கழிவுநீரைச் சுத்தம் செய்வது, கெட்டுப்போன நிலத்துக்கு ஈடு கொடுப்பது எல்லாம் கடன். வேறு சட்டப்படி செய்தே ஆக வேண்டிய கடமையைச் சி.எஸ்.ஆர். கணக்கில் எழுதக் கூடாது என்று விதியும் சொல்கிறது. கடனை அடைத்துவிட்டு அதற்குத் தர்மம் என்று பேனர் வைக்கிறவர்கள் இந்தப் பக்கத்தில் உண்டு. உங்களில் யாரும் அப்படி இல்லை என்றே வைத்துக்கொள்கிறேன்.

கொடுப்பது இந்த ஊர்த் தொழிலுக்குப் புதிதில்லை. 1919-இல் தொடங்கிய வாணியம்பாடி இஸ்லாமியா கல்லூரியும், 1965-இல் தொடங்கிய மேல்விஷாரம் சி. அப்துல் ஹக்கீம் கல்லூரியும் எந்தச் சட்டமும் லாபத்தில் இரண்டு சதவீதம் கேட்பதற்கு முன்னால் வந்தவை. வேலூரில் சி.எம்.சி. ஆஸ்பத்திரியைத் தொடங்கிய ஐடா ஸ்கடர் பெண்களுக்காக 1902-இல் திறந்த மருத்துவமனைக்கு மேரி டேபர் ஷெல் என்ற பெயர். ஷெல் என்ற அமெரிக்க வங்கிக்காரர் தன் மனைவியின் நினைவாகக் கொடுத்த 10,000 டாலரில் கட்டியது அது. கட்டடம் கொடுத்தவர் பெயர் நிலைத்துவிட்டது. அதன் பிறகு 1920-களில் வேலூரில் அவர் தொடங்கிய பெண்கள் மருத்துவப் பள்ளி போன்ற கீழைநாட்டு மகளிர் கல்லூரிகளுக்காக அமெரிக்காவில் வசூல் நடந்தபோது, மக்கள் இரண்டு டாலர் சேர்த்தால் ராக்ஃபெல்லர் அறநிதி ஒரு டாலர் தருவதாக ஏற்பாடு. ஊர் ஊராகச் சர்ச்சுப் பெண்கள் ஒவ்வொரு டாலராகச் சேர்த்தார்கள். அவர்கள் பெயர் எந்தச் சுவரிலும் இல்லை.

நம் மாநிலத்தின் நமக்கு நாமே திட்டமும் அந்த மாதிரிதான்: மக்கள் பங்கு பொதுவாகக் குறைந்தது மூன்றில் ஒன்று, மீதி அரசு. நல்ல திட்டம். ஆனால் அது சொத்து உருவாக்க. சுற்றுச்சுவர், வகுப்பறை, ஏரி சீரமைப்பு வரும். சுற்றுச்சுவருக்குள் பாடம் நடத்துகிறவருக்கு வராது. அரசும் கட்டடத்துக்குக் கொடுத்து, நீங்களும் கட்டடத்துக்கே கொடுத்தால் நடத்துவதற்கு யார் இருக்கிறார்கள்? முன்பு வெளிநாட்டு நிதி வாங்கும் பெரிய தொண்டு நிறுவனங்கள் அதில் கொஞ்சம் சின்னக் குழுக்களுக்குப் பிரித்துக் கொடுக்கும். 2020-இல் வெளிநாட்டு நிதியைக் கட்டுப்படுத்தும் எஃப்.சி.ஆர்.ஏ. சட்டத்தைத் திருத்தி, வாங்கிய நிதியை வேறு அமைப்புக்கு மாற்றக் கூடாது என்று வைத்தார்கள். அந்த வாய்க்கால் அடைந்த பிறகு எங்களுக்குப் பெரிய வாசல் என்று இருப்பது உங்களுடையதுதான்.

அந்த வாசலில் எத்தனை படி என்பதும் உங்களுக்குத் தெரிய வேண்டும். உங்கள் பணத்தை ஓர் உள்ளூர் அறக்கட்டளை வாங்க 12ஏ, 80ஜி என்று சொல்லும் வருமான வரிப் பதிவுகள் வேண்டும், சி.எஸ்.ஆர். பணம் வாங்குவதற்கான சி.எஸ்.ஆர்.-1 படிவத்தை டிஜிட்டல் கையெழுத்துப் போட்டு, ஆடிட்டரிடமோ கம்பெனி செக்ரட்டரியிடமோ சான்று வாங்கிப் பதிய வேண்டும், அதே மாதிரி வேலையில் மூன்று ஆண்டு அனுபவம் காட்ட வேண்டும். 12ஏ பதிவை ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டியிருந்தது. 2025-இல் சிறிய அறக்கட்டளைகளுக்குப் பத்தாண்டாக்கியிருக்கிறார்கள், புண்ணியம். இவற்றில் எதையும் நீங்கள் மாற்ற முடியாது, அது தெரியும். கள்ளக் கணக்கு எழுதும் அறக்கட்டளைகளையும் நான் பார்த்திருக்கிறேன்; கட்டுப்பாடு வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் இதற்குமேல் நீங்களாகப் போட்ட படிகள் சில இருக்கின்றன. இரண்டு லட்ச ரூபாய் கேட்டு வருகிறவரிடம் ஆங்கிலத்தில் முப்பது பக்கம், அடிப்படை ஆய்வறிக்கை, பவர்பாயின்ட், தாக்க மதிப்பீட்டுத் திட்டம். சட்டம் தாக்க மதிப்பீடு கேட்பது சராசரியாக ஆண்டுக்குப் பத்துக் கோடிக்குக் குறையாத சி.எஸ்.ஆர். கடமை உள்ள நிறுவனங்களிடம், அதிலும் ஒரு கோடிக்குக் குறையாத திட்டங்களுக்கு. சுண்டல் வாங்கிய மார்க்கெட் கிழவியிடம் ஜி.எஸ்.டி. பில் கேட்கிறீர்கள். அந்தக் குழு என்ன செய்யும்? பில் கொடுக்கிற பெரிய கடையில் கூடுதல் விலைக்கு வாங்கும். உள்ளூருக்கு முன்னுரிமை என்பது அங்கேயே போய்விட்டது.

பதிவே இல்லாத குழுக்களையும் விட்டுவிட வேண்டியதில்லை. நிறுவனம் தானே நேரடியாகச் செலவிட விதியில் இடம் இருக்கிறது. வாடகையை வீட்டுக்காரர் கணக்குக்கும், ஆசிரியைக்கான மாத ஊதியத்தை அவர் கணக்குக்கும் நீங்களே அனுப்பலாம். வேலையைக் குழு பார்த்துக்கொள்ளும். பெருந்தொகை எங்கள் கையில் தங்குவதில்லை என்பதால் உங்கள் ஆடிட்டருக்கும் நிம்மதி.

நான் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. உங்கள் ஆண்டு ஒதுக்கீட்டில் பத்தில் ஒரு பங்கை மட்டும், ஒன்று முதல் ஐந்து லட்சத்துக்குள், மூன்று ஆண்டுக்குத் தொடரும் சின்ன உதவிகளாக வைத்துப் பாருங்கள். சம்பளமும் வாடகையும் பராமரிப்பும் அதில் தாராளமாக வரட்டும். புதிதாக ஒரு பொருள் வாங்கித் தரும்போதெல்லாம் அதை மூன்று ஆண்டு ஓட்ட ஆகும் பணத்தையும் அதே உத்தரவில் சேர்த்து எழுதுங்கள். அது முடியாதென்றால் அந்தப் பொருளை வாங்காதீர்கள். விண்ணப்பம் பெறும் காலத்தை மே, ஜூனில் வையுங்கள். மறுப்பதாக இருந்தால் ஒரு வரி பதில் போடுங்கள். பதில் வரும் என்று இந்தக் குழுக்கள் வேறெங்கும் கேட்காமல் மாதக்கணக்கில் காத்திருக்கின்றன.

படிவத்தைத் தமிழில் போடுங்கள், இரண்டு பக்கம் போதும். என்ன வேலை, எத்தனை பேருக்கு, மாதச் செலவு எவ்வளவு, இதுவரை அந்தச் செலவை யார் பார்த்தார்கள், உங்கள் பணம் நின்றால் யார் பார்ப்பார்கள். இந்த ஐந்து கேள்விக்குப் பதில் சொல்லத் தெரியாத குழுவுக்கு நீங்கள் கொடுக்க வேண்டாம். படிவத்தின் மாதிரி வேண்டுமென்றால் நானே எழுதித் தருகிறேன், கட்டணம் கிடையாது.

இப்படிக்கு,
குடியாத்தத்திலிருந்து ஒரு கணக்கெழுத்தர்